திறந்து பார்க்கிறவர்

"தொறந்து பாத்தீகளா?"

அவரை நினைக்கும்போது அவர் முகத்துக்கு முன்பாக இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. கடையிலிருந்து சுண்ணக்கட்டிப் பெட்டி வந்திருக்கிறது, ஐம்பது கட்டி என்று அலுவலர் சொல்லி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கோவிலூர்ப் பக்கம் நல்ல மழை என்று ஆசிரியர் அறையில் யாரேனும் சொன்னால் கேள்வி சற்று மாறும்: "போயி பாத்தீகளா, இல்ல யாரும் சொன்னாகளா?" கேட்பதில் குத்தலோ சிரிப்போ இராது. விடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். யாரோ சொன்னார்கள் என்றால் "சரி" என்று தலையசைத்துவிட்டு, அந்த மழையை நம்பாதவராகவே குடையின்றிப் போவார். சில நாட்கள் நனைந்தும் வந்தார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் காரைக்குடியில் ஒரு சிறிய தனியார் மகளிர் கல்லூரியில் நான் தமிழ் கற்பித்தேன். அவர் அங்கே கணிப்பொறி அறையின் பொறுப்பாளர். நாற்பது வயதிருக்கும். தேவகோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தவர். அங்கே பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டு, கணிப்பொறியைத் தாமே புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றவர். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் சொல்லும் வசனத்தை வீட்டுக்குப் போய் வேதப்புத்தகத்தில் எடுத்துப் பார்ப்பாராம். "இதுவரைக்கும் ரெண்டு தடவை தப்பு. ஒண்ணு அவுக சொன்னது, இன்னொண்ணு அச்சடிச்சவன் செஞ்சது" என்று எங்களிடம் சொன்னார். அந்த இரண்டையும் சாமியாரிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறார். சாமியார் அன்றுமுதல் எந்த வசனத்துக்கும் அதிகார எண்ணைச் சொல்வதில்லை என்று கேள்வி. இதைச் சொன்னவரிடம் டீச்சர் கேட்ட கேள்வியை நான் எழுத வேண்டியதில்லை.

பேருந்துச் சீட்டை நடத்துநர் கையிலிருந்து வாங்கியதும் இருபுறமும் திருப்பிப் படிப்பார். பின்புறம் வெறுமையாக இருந்தால் அந்த வெறுமையையும் ஒரு கணம் பார்ப்பார். கல்லூரி விழாவுக்கு யாரோ அன்பளித்த சுவர்க்கடிகாரத்தை ஆணியில் மாட்டுமுன் அதன் முதுகுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தவர் அவர். கணிப்பொறி அறைக்குப் புதிதாக வாங்கிய பூட்டைத் திருப்புளியால் பிரித்து, உள்ளே நெம்புத் தகடுகள் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் கதவில் தொங்கவிட்டார். "எட்டுன்னு மேல போட்டிருக்கான். உள்ள ஆறுதான் இருக்கு" என்று பூட்டுக் கடைக்காரருக்கு அஞ்சலட்டை எழுதினார். பூட்டு மாற்றிக் கொடுக்கப்பட்டது. மாற்றிக் கொடுத்ததையும் பிரித்தார்.

அந்த அறையின் வாயிலில் ஒரு நீளக் குறிப்பேடு இருக்கும். உள்ளே வருகிறவர் எவராயினும், தாளாளரே ஆனாலும், வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நான் ஒருமுறை ஒரு தாளை எடுத்துக்கொண்டு போக அரை நிமிடம் நுழைந்ததற்கும் எழுதச் சொன்னார். "அரை நிமிசத்துக்கு என்ன டீச்சர்?" என்றேன். "அரை நிமிசத்துல என்ன வேணும்னாலும் செய்யலாம் ஐயா. நீங்க செஞ்சீகன்னு சொல்லலை" என்றார். அந்தப் பின்வாக்கியம் முன்வாக்கியத்தைவிட என்னைக் கூடுதலாக உறுத்தியது.

அறையில் இருந்தது ஒரே கணிப்பொறி. மாணவியரின் அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் அதில்தான் இருந்தன. அவற்றை வைத்துக் காக்க, ஒரு மாத இதழோடு இலவசமாக வந்த குறுந்தகடுகளைக் கொண்டு யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை அவரே நிறுவியிருந்தார். ஏன் எல்லோரும் வைத்திருப்பதையே வைக்கவில்லை என்று தாளாளர் கேட்டதற்கு அவர் சொன்ன விடை கல்லூரியில் நெடுநாள் உலவியது: "அதெல்லாம் மூடின பெட்டி சார். உள்ள என்ன செய்யுதுன்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும். இதுக்கு சோர்ஸ் குடுக்குறாக. எழுதினது அத்தனையும் நம்ம படிக்கலாம்."

அவர் 'சோர்ஸ்' என்றதை நான் என் குறிப்புகளில் மூலநிரல் என்று எழுதிக்கொண்டேன். இயந்திரம் எதை எப்போது செய்ய வேண்டும் என்று மனிதர்கள் எழுதிவைத்த கட்டளைகளின் முழுப் பாடம் அது. ஆனால் அந்தப் பாடம் எங்கள் இயந்திரத்தில் இல்லை. நிறுவிய நாளில் இயந்திரத்தின் உள்வட்டில் இடம் போதவில்லை. தாளாளரோ மாலைக்குள் முடியுமா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். 'மூலநிரலும் வேண்டுமா' என்று திரை கேட்டபோது, இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டார். நிறுவி முடித்த பிறகும் அதே குறுந்தகட்டைப் போட்டு, அதே நிறுவும் நிரலை மறுபடி இயக்கி, மூலநிரல் என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வழி உண்டு. அந்த நம்பிக்கையில்தான் விட்டார். பிறகு தகடுகள் அகப்படவில்லை. "எல்லாரையும் தொறந்து பாத்தீகளான்னு கேட்டுக்கிட்டு, ஒரு வருசமா நானே மூடின பெட்டியை வச்சுப் பொழைக்கிறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் தம்மைக் குறித்துச் சொல்லி நான் கேட்ட முதற் குறை அது.

தகடுகள் தொலைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கல்லூரி நடந்தது ஒரு பெரிய வீட்டின் முன்பாதியில். வீடு அண்ணன் தம்பி இருவரின் வாரிசுகளுக்குப் பொது. அந்தக் குடும்பத்தில் திருமணம் வந்தால் எங்கே குடியிருந்தாலும் இந்த வீட்டில்தான் நடத்துவார்கள். அந்த வாரத்துக்குக் கல்லூரி சுருங்கிக்கொள்ளும். அப்படியொரு திருமணத்தின்போது கணிப்பொறி அறையின் பொருள்களையெல்லாம் வேலையாட்கள் பொது அறையொன்றில் அடுக்கினார்கள். திருமணம் முடிந்ததும் பொருள்கள் திரும்பின. தகடுகள் இருந்த அட்டைப்பெட்டி மட்டும் வரவில்லை. பொது அறைக்கு இரண்டு பூட்டு, பங்குக்கு ஒன்று. ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்கக்கூடாது என்பதற்காகவே இட்டவை. இரு தரப்பும் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டன. டீச்சர் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் இரு பூட்டுகளையும் ஒரு பார்வை பார்ப்பார். பிரித்துப் பார்க்க உரிமையில்லாத பூட்டுகள் அவை.

இனி, என்னைச் சார்ந்த செய்திக்கு வருகிறேன்.

என் மனைவியின் அண்ணன் மகள் எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்தாள். தமிழ் அகமதிப்பீட்டில் நான் அவளுக்கு இட்ட மதிப்பெண் ஐம்பதுக்கு இருபத்து நான்கு. தேர்ச்சிக்கு ஒன்று குறைவு. என் கையெழுத்துத் தாளில் அது தெளிவாக இருந்தது. பருவ முடிவில் கணிப்பொறியிலிருந்து அச்சிட்ட பட்டியலில் அது நாற்பத்திரண்டாக இருந்தது.

தாளாளர் என்னை அழைத்தார். டீச்சரும் குறிப்பேட்டுடன் நின்றிருந்தார். நடந்தது இதுதான் என்று அவர்கள் கண்டது வருமாறு. மின்தடையில் கெட்டுப்போன தமிழ் மதிப்பெண் கோப்பை, ஒரு புதன்கிழமை காலை என் தாளைப் பார்த்து டீச்சர் மறுபடி உள்ளிட்டார். பதினொன்று பத்துக்கு முடித்தார். அப்படி எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கோப்பில் கடைசியாகக் கைவைக்கப்பட்ட நேரம் மாலை நான்கு நாற்பது என்று இயந்திரம் காட்டியது. அன்று மாலை நான்கு முதல் ஐந்து வரை அறையில் தனியே இருந்தவன் நான். மாணவியர் பெயர்களில் எழுத்துப்பிழை உண்டா என்று திரையில் பார்க்க அவரே என்னை அமர்த்திவிட்டுத் தலைமை அஞ்சலகம் வரை போயிருந்தார். குறிப்பேட்டில் வந்த நேரமும் போன நேரமும் என் கையெழுத்திலேயே இருந்தன.

"தமிழய்யா, நீங்க பெரிய மனுசரு. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்," என்றார் தாளாளர். "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

சொன்னேன்.

"அதான் பாத்தேன். இயந்திரம் அன்னைக்கு மூணு மணிக்கே தொடங்கினதாவும் ஒரு குறிப்பு காட்டுது. டீச்சர் காப்பிக்குப் போன நேரம் பாத்து யாரோ நிப்பாட்டித் தொடங்கியிருக்காக."

"மூன்று மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன். நாற்பது பேர் சாட்சி."

"நீங்க இருந்தீக. நீங்க சொல்லி வேற ஒருத்தர் செஞ்சிருக்கலாம்ல?"

ஐயம் கொண்ட மனத்துக்கு எந்த விடையும் அடுத்த கேள்விக்குப் படியாகிவிடுகிறது. பெயர்களை மட்டும்தான் பார்த்தேன், எண்களைப் பார்க்கவேயில்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மெலிந்த சொல் என்று எனக்கே தெரிந்தது. பத்து நாளுக்குள் நானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் விஷயம் வெளியே போகாது என்றார் தாளாளர். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இந்தப் பெயரோடு வேறெந்தக் கல்லூரியும் என்னைச் சேர்க்காது.

டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அதில் இரக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை.

"சார், ஒண்ணு," என்றார் அவர். "இந்த நாலு நாப்பதுங்கிறது இயந்திரம் சொல்லுறது. இயந்திரத்துக்கு நேரம் எங்கேருந்து வருதுன்னு நான் பாக்கலை."

"கடிகாரத்துலேருந்துதான டீச்சர் வரும்?"

"அந்தக் கடிகாரம் தப்பா இருந்துச்சு சார். மறுநாள் காலையில பாத்தேன், முன்னால ஓடிக்கிட்டிருந்துச்சு. திருத்திட்டேன். எவ்வளவு முன்னாலன்னு எழுதலை. மின்கலம் செத்துப்போச்சுன்னு நெனைச்சுட்டேன்." குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். வியாழன் காலைக்கு நேராக 'நேரம் திருத்தப்பட்டது' என்று மட்டும் இருந்தது. "மின்கலக் கோளாறுன்னா எம்புட்டுத் தள்ளுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இயங்குதளமே ஏதாவது கூட்டிக் கழிச்சிருந்தா, அது எம்புட்டுன்னு சோர்ஸுல எழுதியிருக்கும். அதைப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அதுதான் உங்ககிட்ட இல்லையே?"

"இருக்கு சார். இந்த வீட்டுலயே இருக்கு. ரெண்டு பூட்டுக்கு உள்ள."

மூத்த பங்கின் சாவி கானாடுகாத்தானில் இருந்த ஓர் ஆச்சியிடம் இருந்தது. சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போவதாகச் சொன்ன டீச்சர், என்னையும் வரச் சொன்னார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. என்மீது ஒரு துளி நம்பிக்கை பிறந்திருப்பதாக எண்ணி, அதைச் சொல்லியும் வைத்தேன்.

"அதுக்கில்லை ஐயா. நான் மட்டும் போயி எடுத்தா, நான் தகட்டை மாத்திட்டேன்னு நீங்க சொல்லலாம். நீங்க மட்டும் போனா, நீங்க மாத்திட்டீகன்னு நானே சொல்லுவேன்."

பேருந்தில் அவர் முன்னிருக்கையில், நான் பின்னிருக்கையில். இறங்கி நடக்கும்போது என்னை முன்னே நடக்கவிட்டார். யாரையோ காவலில் கொண்டுபோகிறார்கள் என்று தெருவில் பார்த்தவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அப்படி எண்ணியிருந்தால் பெரிய பிழையில்லை.

ஆச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். காப்பி கொடுத்து உட்காரவைத்து, செய்தியை இரண்டு முறை கேட்டார்.

"ஏன் டீச்சரு, தட்டுதான? கடையில ஒண்ணு வாங்கிக்கிட வேண்டியதுதான?"

"அதே தகடு வேணும் ஆச்சி. அதுலேருந்துதான் நிறுவினேன்."

"வெலை கூடுனதோ?"

"இல்லை ஆச்சி. புத்தகத்தோட சும்மா குடுத்தது."

ஆச்சி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சும்மா குடுத்ததுக்கா ரெண்டு பேரு வேலையை விட்டுட்டு பஸ்ஸேறி வாரீக? அந்த அறையில எங்க மாமியா வச்ச சாமான் இருக்கு. ஒண்ணு சொல்லுறேன், வருத்தப்படாதீக. தட்டுன்னு சொல்லிட்டு எந்தத் தட்டை எடுக்க வாரீகளோன்னு எனக்கு இருக்கு."

நான் கூசிப்போனேன். டீச்சருக்கோ முகம் மலர்ந்தது. அந்தப் பத்து நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நல்லாச் சொன்னீக ஆச்சி. அப்புடித்தான் நெனைக்கணும். சாவியை எங்ககிட்ட குடுக்காதீக. நீங்களே வந்து தொறங்க. நாங்க போறப்ப எங்க பையையும் தொறந்து பாருங்க."

இளைய பங்கின் சாவியைத் தேவகோட்டையில் அவர்கள் வீட்டுக் காரியங்களைப் பார்த்துவந்த ஒரு பெரியவர் வைத்திருந்தார். ஆச்சி வருகிறார் என்றால்தான் வருவேன் என்றார் அவர். அவர் வருகிறார் என்று எழுத்தில் வந்தால்தான் வருவேன் என்றார் ஆச்சி. டீச்சர் தினமும் அந்த ஊரிலிருந்து வருகிறவராகையால் கடிதங்கள் அவர் கைப்பையிலேயே போய் வந்தன. எட்டாம் நாள் பிற்பகல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இரு பூட்டுகளையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள்.

பித்தளைப் பானைகளுக்கும் சுருட்டிய கோரைப்பாய்களுக்கும் இடையே அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு தகடுகள். டீச்சர் அவற்றை முதலில் ஆச்சியிடம் காட்டினார். ஆச்சி ஒன்றை வாங்கித் தம் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இம்புட்டுத்தானா?" என்றார்.

மீதம் இரண்டு நாள். நிறுவும் நிரலை மறுபடி இயக்கி, மூலநிரலில் இயந்திரம் தொடங்கும்போது நேரத்தைப் படிக்கும் பகுதியை மட்டும் வட்டில் இறக்கினார். முழுவதற்கும் இன்னமும் இடமில்லை. புள்ளி அச்சுப்பொறியில் பதினோரு பக்கம் அச்சிட்டு, பென்சிலுடன் அமர்ந்தார். கணக்கு ஆசிரியை விடைத்தாள் திருத்துவதுபோல் வரிவரியாகப் போனார். நான் குறிப்பேட்டில் கையெழுத்திட்டுவிட்டு எதிரே இருந்தேன். மறுநாள் நண்பகலில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஐயா, அந்தப் புதன்கிழமை காலையில நீங்க அறிவிப்பு ஒண்ணு தட்டச்சு செஞ்சீகல்ல? உங்க தமிழ் பிளாப்பியைப் போட்டு?"

"ஆம். ஒன்பது மணிக்கு. நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள்."

"நான் சன்னல் பக்கம் நின்னேன். திரையைப் பாக்கலை. அது தொடங்குறப்ப உங்களை ஏதாவது கேட்டுச்சா?"

கேட்டது. தமிழ்த் தட்டச்சு நிரல் இருந்த நெகிழ்வட்டு தனி இயங்குதளத்தோடு வந்தது; இயந்திரம் அதைக் கொண்டு தொடங்கும்போது தேதியையும் நேரத்தையும் காட்டி, புதிய நேரம் என்ன என்று கேட்கும். மற்ற ஆசிரியர்கள் விடை சொல்லாமல் பொத்தானைத் தட்டிவிட்டு மேலே போய்விடுவார்கள். அந்த இயந்திரத்தில் நானே அதைத் தொடங்கியது அன்றுதான் முதல்முறை; அது காட்டிய நேரம் மூன்று முப்பத்தைந்து. என் கைக்கடிகாரத்தில் ஒன்பது ஐந்து. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் கடந்துபோவதும், கண்ணெதிரே ஒரு பிழையை அப்படியே விட்டுப்போவதும் எனக்கு இயலாதவை. ஒன்பது ஐந்து என்று உள்ளிட்டேன்.

இதைச் சொல்வதா என்று ஒரு கணம் தயங்கினேன். கடிகாரத்தைத் தொட்டவன் நானே என்று ஆகிவிட்டால், நேரத்தைக் குழப்பி மறைக்கவே தொட்டான் என்று தாளாளர் சொல்வார். சொல்லாவிட்டால் அறிகிறவர் எவருமில்லை. அவர் பென்சிலை எடுக்காமல் காத்திருந்தார்.

"நேரம் பிழையாக இருந்தது. நான் திருத்தினேன்" என்றேன்.

அவர் அச்சிட்ட தாளை என் பக்கம் திருப்பி ஒரு வரியின்கீழ் விரலை வைத்தார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இயங்குதளத்தை நிறுவியபோது, பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓட வேண்டுமா என்று அது கேட்டிருக்கிறது. அதுவே முறை என்று புத்தகத்தில் படித்திருந்த டீச்சர் ஆம் என்று சொல்லியிருக்கிறார். அன்றுமுதல் உள்ளே கிரீன்விச் நேரம். அவருடைய இயங்குதளம் தொடங்கும்போது அதனோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி நம் நேரமாகக் காட்டும். என் நெகிழ்வட்டு எதையும் கூட்டாமல் உள்ளதை உள்ளபடி காட்டும். ஆகவே நான் பிழையென்று கண்டது பிழையன்று. நான் உள்ளே நம் நேரத்தை வைத்தேன். அதன்மேல் இயங்குதளம் இன்னொரு ஐந்தரையைக் கூட்டியது.

"மூணு மணிக்குத் தொடங்குச்சுன்னு சாரு சொன்னாகல்ல? அஞ்சரையைக் கழிங்க."

"ஒன்பதரை."

"நான் தெனமும் தொடங்குற நேரம். உங்க பிளாப்பியை எடுத்துட்டு அன்னைக்கும் ஒம்பதரைக்குத்தான் தொடங்கினேன். இப்ப அந்த நாலு நாப்பதுல கழிங்க."

கழித்தேன். பதினொன்று பத்து. அவர் கோப்பை முடித்ததாகத் தம் கையால் எழுதி வைத்திருந்த அதே நிமிடம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை எவரும் தொடவில்லை. என் தாளில் இருபத்து நான்கைப் பார்த்து நாற்பத்திரண்டு என்று உள்ளிட்ட விரல்கள் யாருடையவை என்பதை இருவரும் ஒருங்கே அறிந்தோம்.

அவர் அச்சிட்ட தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு தம் வலக்கையை மேசைமேல் வைத்து, பூட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப அது என் கை" என்றார்.

அன்றே தாளாளரிடம் எழுதிக் கொடுத்தார். என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள். கதவு முழுவதும் சாத்தியிருக்கவில்லை.

"டீச்சர், இம்புட்டு எதுக்கு எழுதுறீக? கடிகாரம் கெட்டுப்போச்சு, அதனால குழப்பம், திருத்திட்டோம்னு ரெண்டு வரி போதும். ஒரு வாரமா ஒரு மனுசரைக் குத்தவாளியா நிப்பாட்டிட்டு, தட்டினது நீங்கன்னு வெளிய தெரிஞ்சா கல்லூரிக்குத்தான் அசிங்கம்."

"கடிகாரம் கெடலை சார். கெட்டுச்சுன்னு எழுதினா அது பொய்யி."

தாளாளர் அறிக்கையைத் தம் மேசையில் வைத்துப் பூட்டினார். என்மேலிருந்த குற்றம் நீங்கியது என்று சொல்லியனுப்பினார். மதிப்பெண் இருபத்து நான்காகத் திருத்தப்பட்டது. பெண் மறுபடி எழுதித் தேறினாள். கல்லூரி நான் கூட்டிப் போட்டதாக ஐயுற்றது முடிந்து, நான் குறைத்துப் போட்டதாக என் மச்சினர் ஐயுற்றது தொடங்கியது. "மிசினு நாப்பத்திரெண்டு போட்டுச்சு, மாமாதான் கொறைக்கச் சொன்னாக" என்ற பேச்சு அந்த வீட்டில் பல திருமணங்களைக் கடந்து நடந்தது.

கணிப்பொறி அறையில் டீச்சருக்கு மேலாக வேறொருவரைத் தாளாளர் அமர்த்தினார். புதியவர் எல்லோரும் வைத்திருப்பதையே கொண்டுவந்து நிறுவினார், குறிப்பேடு எடுக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் டீச்சர் வேலையை விட்டார். யாரும் அனுப்பவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

கடைசி நாளன்று அவரை வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். தேவகோட்டை வண்டி நின்றிருந்தது. சன்னலோர இருக்கையில் அமர்ந்தபின் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"அன்னைக்குச் சாருகிட்ட எழுதிக் குடுத்ததோட நகல். உங்களைப் பத்தினது. உங்ககிட்ட ஒண்ணு இருக்கணும்."

வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பல நாளாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சொன்னேன். எல்லோரும் கைவிட்ட நேரத்தில் என்னை நம்பித் தேடிய ஒருவர் அவர் என்றேன்.

"நான் உங்களை நம்பலையே ஐயா. நம்பியிருந்தா அந்தப் பெட்டியைத் தேடிப் போயிருப்பேனா?" என்றவர், என் சட்டைப்பையைப் பார்த்தார். "தொறந்து பாத்தீகளா?"

"வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் டீச்சர்."

"பாக்காம எதையும் வாங்காதீக."

பிரித்தேன். இரண்டு பக்கம். தெளிவான, மிகையில்லாத உரைநடை. திருத்த ஓர் எழுத்தும் இல்லை. கிரீன்விச் என்று தாம் தந்த விடை, தகட்டிலிருந்து எடுத்த வரிகள், ஐந்தரை மணிக் கழித்தல், தம் விரலின் பிழை, எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசிப் பத்தி இது: 'அன்று காலை கடிகாரத்தின் நேரத்தை மாற்றியவர் தமிழ் ஆசிரியர். இதை அவரே சொன்னார். விளைவு தெரியாமல் செய்ததாகச் சொல்கிறார். அதை நான் பார்க்கவில்லை.'

தாளாளரின் மேசையில் இரண்டு மாதமாக இந்த வரி இருந்திருக்கிறது. அதன் கீழ்தான் நான் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். என் குரல் உயர்ந்தது.

"டீச்சர், இப்படி எழுதியிருக்கிறீர்களே! நான் தெரியாமல்தான் செய்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

வண்டி உறுமியது. அவர் கோபப்படவில்லை. என் கேள்வியை நேர்மையாக எண்ணிப் பார்ப்பவர்போல் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"அதை நான் எப்புடிங்கய்யா பாக்குறது?" என்றார்.

வண்டி நகர்ந்தது. நடத்துநர் கொடுத்த சீட்டை அவர் இருபுறமும் திருப்பிப் படித்துக்கொண்டு போனார்.